குளத்து ராஜா படம் பார்த்த ஊர்

செவலூர் மீனலோசனி டாக்கீஸுக்குக் குளத்து ராஜா படம் வந்த அன்று வானத்தில் வால்நட்சத்திரம் எதுவும் தோன்றவில்லை, கோயில் மணி தானாக அடிக்கவில்லை, கழுதைகூட வழக்கத்துக்கு மாறாகக் கத்தவில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து வரும் இரண்டரை மணி பஸ்ஸின் கூரையில், வாழைத்தார்களுக்கு நடுவே, துருவேறிய தகரப் பெட்டியாக அது வந்து இறங்கியது. பெயர் வரும் துண்டு வேறு ஏதோ ஊரில் வெட்டுப்பட்டுப் போயிருந்ததால் அந்தப் படத்தின் உண்மையான பெயர் எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. கிழட்டு ராஜா ஒருவன் காட்டுக்குளத்தில் முங்கி முங்கி எழுந்து, ஒவ்வொரு முங்கலுக்கும் வயது குறைந்துகொண்டே போய், முடிவில் காணாமல் போகிற கதை. புதுப்படம் எடுக்க வக்கில்லாத டாக்கீஸ்களைத் தேடி வரும் கறுப்பு வெள்ளைச் சரக்குதான். நாங்களே அதற்குக் குளத்து ராஜா என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

முதல் வாரத்திலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது. ஓய்வுபெற்ற சர்வேயர் பொன்னையா, வீட்டில் மின்விசிறி ஓடவில்லை என்று ஏழு ஆட்டம் வந்து உட்கார்ந்தார். எட்டாம் நாள் காலையில், தை மாதம் பிடுங்கி எறிந்த கடைவாய்ப்பல் அதே இடத்தில் அதே வலியோடு முளைத்திருந்தது, அவரும் அதே டாக்டரிடம் போய் அதைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு வந்து அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்தார். அப்போது ஆடி மாதம். ஏழு ஆட்டம், ஏழு மாதம் என்று ஊர் விரல்விட்டுப் பார்த்துக்கொண்டது. ஓர் ஆட்டம் முழுதாகப் பார்த்தால் உடம்பில் ஒரு மாதம் குறையும். நடுவில் தூங்கினால் தூங்கிய நேரம் சேராது. இடைவேளையில் டீ குடிக்கப் போய்ப் பேச்சு வாக்கில் நின்றுவிட்டால் நின்ற நேரமும் போச்சு. மனசு மட்டும் அப்படியே இருக்கும், பழைய கோபதாபம், பங்காளிச் சண்டை எதுவும் மறக்காது, அது ஒன்றுதான் குறை என்று பலரும் சொன்னார்கள்.

அதன்பிறகு ஊர் அதற்கேற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது, நல்ல தண்ணீர்க் குழாய் இடம் மாறினால் குடங்கள் இடம் மாறுவது போல. குழந்தைகளை உள்ளே விடக்கூடாது என்று வாசலில் பலகை தொங்கியது. புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாகத்தான் வரவேண்டும், ஒருத்தர் மட்டும் திருட்டுத்தனமாகப் பார்த்தால் குடும்பம் நிலைக்காது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. வரன் பார்க்கிறவர்கள் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை ஆட்டம் பார்த்தவர் என்று கேட்டார்கள். உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுக்க பென்ஷன் ஆபீஸுக்குப் போன பொன்னையாவிடம், உயிரோடிருப்பது தெரிகிறது, வயதாகியிருப்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். சர்க்கரை மாத்திரைகள் பாதியில் நின்றன, மூக்குக்கண்ணாடிகள் பரணில் ஏறின, இருபது வருஷத்துக்கு முந்தைய சைக்கிள் விடும் தெம்பு வந்தவர்கள் சைக்கிள் இல்லாமல் தவித்தார்கள். நாங்கள் யாரும் ஏன் இப்படி என்று கேட்கவில்லை. கேட்டு, அது நின்று தொலைத்துவிட்டால் யார் பொறுப்பு?

பெண்களுக்கு மட்டும் ஒரு தொந்தரவு இருந்தது. பின்னோக்கிப் போகிற உடம்பு பிள்ளை சுமந்த மாதங்களையும் தாண்டித்தானே போகவேண்டும். டீக்கடைப் பரமனின் சம்சாரம் சின்னத்தாய்க்கு ஒரு நாள் காலை ஆட்டம் விட்டு வெளியே வரும்போது நிறைமாத வயிறு இருந்தது, பத்து ஆட்டத்தில் அது படிப்படியாக வற்றிப் போனது, அப்புறம் அடுத்த பிள்ளைக்கான வயிறு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து ஜெயசீலி நர்ஸம்மா குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, வரிசையில் நின்ற அத்தனை பெண்களுக்கும் கேட்கும்படி சிரித்தாள்.

"உள்ள ஒண்ணுமில்லக்கா, வெறும் வயிறு. ஓம் மகன்தான் திருப்பூர்ல பனியன் தச்சுக்கிட்டிருக்கானே. வெளிய இருக்கிற ஆளு உள்ளயும் எப்படி இருப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள். வரிசையின் கடைசியில், ரத்த அழுத்த மாத்திரைக்கு நின்றுகொண்டிருந்த வெயிலுகந்தாள் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப, வெளிய இல்லாத ஆளு?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி தன் வாயால் வந்த வினை என்று ஜெயசீலி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வெயிலுகந்தாள், எங்களுக்கு வெயிலு, மீனலோசனி டாக்கீஸின் ஆப்பரேட்டர் அழகுமலையின் மனைவி. டாக்கீஸுக்குப் பின்னால் ஒட்டினாற்போல இருக்கும் ஓட்டு வீட்டில் இருவரும் குடியிருந்தார்கள். அவளுக்கு அப்போது ஐம்பது வயது, அவருக்கு ஐம்பத்தாறு. ஒரே பிள்ளை, கனிராஜ். எட்டு வயதில் மூன்று நாள் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். முதல் நாள் மதியம் பையன் உடம்பு கொதிக்கிறது என்று அவள் மெஷின் ரூமுக்கு ஓடிவந்து சொன்னபோது, ஹவுஸ்ஃபுல் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, மாற்றிவிட ஆள் இல்லை, "ஆட்டம் முடியட்டும், கூட்டிட்டுப் போயிருவோம்" என்று அழகுமலை சொன்னார். ஆட்டம் முடிந்து, பஸ் பிடித்து, மதுரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பெரியாஸ்பத்திரி டாக்டர், ஒரு மூணு மணி நேரம் முன்னால வந்திருந்தா என்றார். மூணு மணி நேரம் என்பது ஒரு படத்தின் நீளம். அதற்கு அப்புறம் அந்த வீட்டில் அதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை.

சுகாதார நிலையத்திலிருந்து வெயிலு மாத்திரை வாங்காமல் நேரே மெஷின் ரூமுக்குப் போனாள்.

"ஏங்க, முந்நூறு ஆட்டம். இடையில கழியிற நாளையும் சேத்துத்தான் சொல்றேன். முந்நூறு ஆட்டம் பாத்தா நான் கனிய வயித்துல வச்சிருந்த எடத்துக்குப் போயிருவேன். சின்னத்தாயி வயிறுதான் வெறும் வயிறு. எம்புள்ள வெளிய இல்லீங்களே."

அழகுமலை மெஷின் விளக்கில் எரிகிற கார்பன் குச்சியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "தெனம் மூணு ஆட்டம். நூறு நாள் ஆகும்" என்றார்.

"நீங்களும் வந்து உக்காருங்க."

"நானும் உக்காந்தா ஓட்டுறது யாரு?"

அவர் சொன்னது உண்மைதான். படத்தைப் பார்ப்பவர்களுக்குத்தான் வயது குறைந்தது, காட்டுகிறவருக்குக் குறையவில்லை. ரீல் மாற்றவும் கார்பனைத் தள்ளவும் ஓடிக்கொண்டிருக்கும் மனிதர் சுவர் ஓட்டை வழியாக ஒரு காட்சியைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. டாக்கீஸ் முதலாளி பால்சாமி படக்கம்பெனியோடு பேசி, அன்றிலிருந்து நூறாம் நாள் வரை பெட்டியை நிறுத்திவைத்தார். நூறாம் நாள் மாலை பஸ்ஸில் பெட்டி அடுத்த ஊருக்குப் போயாக வேண்டும், அதற்கு மேல் ஒரு நாள்கூட முடியாது என்று கம்பெனி சொல்லிவிட்டது.

பெண்கள் பகுதியில் மூன்றாவது வரிசை, தூண் ஓரம், வெயிலுக்கென்று ஒதுங்கியது. அவள் கண்ணயர்ந்துவிட்டால் நேரம் சேராதே என்று இடப்பக்கம் ஒருத்தி வலப்பக்கம் ஒருத்தியாக முறைவைத்து உட்கார்ந்து, கண் சொருகும்போதெல்லாம் தொடையில் கிள்ளினார்கள். கிள்ளப் போனவர்களுக்கும் வயது குறைந்தது, அதையே கூலியாக வைத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டிலிருந்து காலைச் சாப்பாடு, ஒரு வீட்டிலிருந்து மதியச் சாப்பாடு, ஒரு வீட்டிலிருந்து இடைவேளைக்குச் சுக்குக்காப்பி. எங்கள் ஊரில் அண்ணன் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட இத்தனை ஒற்றுமையாக யாரும் வேலை செய்தது கிடையாது.

நரை போனது, மூட்டுவலி போனது, நின்றுபோன தீட்டு திரும்பி வந்தது. இருநூற்றேழாவது ஆட்டம் முடிந்து அவள் எழுந்தபோது நெஞ்சு முழுக்கக் கன்றிப்போயிருந்தது, தொண்டை கட்டிக் குரலே வரவில்லை, கூந்தலில் கைப்பிடி கைப்பிடியாக முடி பிடுங்கிய இடம் தெரிந்தது. மகன் செத்த அன்று அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுத அந்த உடம்பு வந்திருந்தது. பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "உக்காருடி, அடுத்த ஆட்டத்துக்கு மணி அடிச்சாச்சு, உக்காரு" என்று சின்னத்தாய் அவளைத் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். அந்த ஆட்டம் முடிந்தபோது கன்றல் ஒன்றுகூட இல்லை. அவள் உடம்பைப் பொறுத்தவரை கனிராஜ் உயிரோடிருந்தான், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அன்று வீட்டுக்குப் போய் அவள் தன்னையறியாமல் மூன்று தட்டு எடுத்துவைத்தாள் என்று அழகுமலை பிற்பாடு பால்சாமியிடம் சொன்னாராம்.

இருநூற்றெண்பத்தைந்தாவது ஆட்டத்தில் பால் வந்தது. அவள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரவிக்கை நனைய நனைய உட்கார்ந்து படம் பார்த்தாள். கைப்பிள்ளைக்காரிகள் இடைவேளையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார்கள். பாவம், கட்டிக்கொண்டு வலிக்குமே என்று.

நூறாம் நாள் வந்தது. டாக்கீஸ் வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தோம். மாலை பஸ்ஸுக்கு முன்னால் மூன்று ஆட்டமும் முடியவேண்டும் என்று விடிகாலையிலேயே தொடங்கியதால் மதிய ஆட்டமே முந்நூறாவது ஆட்டம். படம் முடிந்து விளக்கு போட்டதும் மொத்த டாக்கீஸும் திரையைப் பார்க்காமல் தூண் ஓரத்தைப் பார்த்தது. வெயிலு எழுந்து நின்றாள். இருபத்தாறு வயதுப் பெண், ஒல்லியான இடுப்பு, பால் கட்டிய மார்பு. வயிறு வரவில்லை.

அவள் யாரையும் பார்க்காமல் மாடிப்படி ஏறி மெஷின் ரூமுக்குப் போனாள். அழகுமலை தரையில் சம்மணமிட்டு, பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு சுருள் ஃபிலிமை எடுத்து, பசை போட்டு ரீலோடு ஒட்டுவதற்காக உட்கார்ந்திருந்தார். பெட்டி திரும்பிப் போவதற்கு முன்னால் வெட்டியதை ஒட்டி அனுப்புவது ஆப்பரேட்டர்களின் வழக்கம்.

"என்ன அது?" என்றாள்.

அவர் கையிலிருந்ததைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே விளங்கியது.

மகன் போனதிலிருந்து மீனலோசனி டாக்கீஸில் தாலாட்டுப் பாட்டு ஓடியதில்லை. எந்தப் படம் வந்தாலும் அழகுமலை முதலில் சுருளைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தாலாட்டு இருந்தால் வெட்டி எடுத்துவிடுவார். பின்னால் வீட்டில் இருப்பவள் காதில் அது விழக்கூடாது. பால்சாமிக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும், பதினேழு வருஷமாக யாரும் ஏன் என்று கேட்டதில்லை. குளத்து ராஜாவிலும் ஒரு தாலாட்டு இருந்தது. முங்கி முங்கிக் கடைசியில் கைக்குழந்தையாகிவிட்ட ராஜாவை ராணி மடியில் போட்டுப் பாடுகிறாள். ஐந்து நிமிடம். அதை வெட்டியதால்தான் ராஜா என்ன ஆனான் என்றே எங்கள் ஊருக்குத் தெரியாமல் போனது. இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஒரு மாதம் என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு நாள். முந்நூறு ஆட்டத்துக்கு முந்நூறு நாள். மகன் பிறந்து பத்து மாதம் ஆன இடத்தில் அவள் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"ஒனக்குக் கேக்கக்கூடாதுன்னுதான் வெயிலு…" என்றவர் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். மகன் செத்த அன்றுகூட அவர் அப்படி அழுததை நாங்கள் பார்க்கவில்லை.

வெயிலு அழவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சுருளை வாங்கிப் பார்த்தாள்.

"இதுக்கு ஒரு நாள்னா, இத மட்டும் ஓட்டுங்க."

பெட்டி தாலாட்டு இல்லாமலே மாலை பஸ்ஸில் போனது. அத்தோடு எங்கள் இளமையும் நின்றது; அவரவர் நின்ற வயதிலிருந்து அவரவர் திரும்ப முன்னோக்கி நடக்கத் தொடங்கினோம். டாக்கீஸில் வேறு படங்கள் ஓடின. ஆட்டங்களுக்கு இடையில் அழகுமலை அந்தச் சுருளை நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை ஓட்டினார். பதினேழு வருஷம் ஒரு தாலாட்டைக் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர் ஒரு மாதத்தில் ஒரே தாலாட்டை முந்நூறு தடவைக்கு மேல் கேட்டார். அடுத்த தெருவரைக்கும் அது கேட்டது. நாங்கள் பாத்திரம் கழுவும்போதும் பீடி சுற்றும்போதும் அதையே முணுமுணுத்தோம். ஒரு நாள் மத்தியானம், பாட்டு முடிந்து, வெயிலு தூணைப் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் எழுந்தாள். நிறைமாதம்.

ஜெயசீலி ஓடிவந்தாள். வயிற்றில் குழாயை வைத்தாள். வைத்துவிட்டு, குழாயை எடுத்து அழகுமலையின் காதில் மாட்டிவிட்டாள். அவர் கேட்டார். வேகமாக, குதிரை ஓடுகிற மாதிரி இருந்ததாம். அவருக்கப்புறம் பால்சாமி, சின்னத்தாய், பொன்னையா என்று ஊரே வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கேட்டோம்.

"ரெண்டு நாள்ல பொறந்துருவான்" என்றாள் ஜெயசீலி.

மறுநாள் மத்தியானம், வெயிலு வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி வந்து தூண் ஓரம் உட்கார்ந்து, "போடுங்க" என்றாள்.

"எதுக்கு? அதான் வந்துட்டானே" என்றார் அழகுமலை.

"பொறந்தா எட்டு வருசந்தானங்க."

"இப்ப அதுக்கு ஊசி வந்துருச்சுக்கா," என்றாள் ஜெயசீலி. "அந்தக் காய்ச்சலு இப்ப யாருக்கும் வாறதில்ல. நானே என் கையால போடுறேன்."

"ஊசி போடுவ தாயி. வேற ஒண்ணு வரும். லாரி வரும், கெணறு வரும். உள்ள இருந்தா ஒண்ணும் வராது." அவள் அழகுமலையைப் பார்த்தாள். "ஒரு நாள் போனா ஒரு நாள் திருப்பிட்டா, அவன் இங்கனயே இருப்பான். எனக்கு அது போதும். ஓட்டுங்க."

அழகுமலை படியேறிப் போனார். அன்று மகனுக்காக நிறுத்தாத மெஷினை இன்று நிறுத்தத் தனக்கு வாயில்லை என்று அவர் பால்சாமியிடம் சொன்னார். ஓட்டினார்.

அப்படியே பதினான்கு வருஷம் ஓட்டினார்.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. இரண்டு மணிக்கு மணி அடிக்கும், வெயிலு தூண் ஓரம் போய் உட்காருவாள், ஐந்து நிமிடம் தாலாட்டு ஓடும், ஒரு நாள் கழியும், அவள் எழுந்து வீட்டுக்குப் போவாள். மற்ற டாக்கீஸ்களெல்லாம் கல்யாண மண்டபமான பிறகும் பால்சாமி இதை இடிக்கவில்லை; வேறு ஆட்டம் நின்றது, இந்த ஓர் ஆட்டம் நிற்கவில்லை. அவள் வீங்கின காலோடு, ஒருக்களித்தே படுத்து, மூச்சு வாங்கிக்கொண்டே தண்ணீர் எடுத்தாள், சமைத்தாள், கடைக்குப் போனாள். வருஷத்துக்கு ஒரு தடவை பெண்கள் அவளுக்கு வளையல் போட்டார்கள். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் இடம் கொடுத்து, எத்தனாவது மாசம்மா என்று கேட்பார்கள். பதினாலு வருசம் என்று நாங்கள் யாராவது பதில் சொல்வோம்.

அழகுமலைக்கு மட்டும் வயது ஏறியது. கண்புரை வந்தது, முதுகு வளைந்தது. சந்தையில் அவளை அவருடைய மகள் என்றார்கள், அப்புறம் பேத்தி என்றார்கள், அவர் திருத்தவில்லை. மெஷின் ரூம் படியை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். சாயங்காலம் வீட்டு வாசலில் அவள் கால் நீட்டி உட்கார்ந்திருக்க, அவர் வயிற்றில் காதை வைத்து, உள்ளே இருப்பவனிடம் இன்றைக்கு என்ன வெயில், யார் வீட்டில் கன்று போட்டது, பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவன் எட்டி உதைப்பான். உதைத்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருப்பார். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், மகன் பிறந்த தேதியில், அவர் கேட்பார்.

"இந்த வருசம் விட்ருவமா வெயிலு? ஒரு தடவ தூக்கிப் பாத்துக்கிறேன்."

"அடுத்த வருசம் பாப்பம்" என்பாள் அவள்.

அவர் சரி என்பார். எங்களுக்கு அவள் மேல் கோபம் வரும், அவள் முகத்தைப் பார்த்தால் கோபம் போய்விடும். பயந்தவளிடம் என்னவென்று வாதாடுவது.

பதினான்காம் வருஷம் புரட்டாசியில், ஒரு காலையில், கார்பன் குச்சிகளை வெயிலில் காயவைக்கப் போனவர் மெஷின் ரூம் படியில் உட்கார்ந்தார், எழவில்லை. எழுபது வயது. பால்சாமிதான் முதலில் பார்த்தார்.

டாக்கீஸ் வாசலில் பந்தல் போட்டுக் கண்ணாடிப் பெட்டியில் கிடத்தினோம். வெயிலு தலைமாட்டில் உட்கார்ந்தாள். அழுகை வராமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நெருங்கியது. ஊர் முழுக்க ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் ஓட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து பால்சாமிக்கு மெஷின் பழகியிருந்தது.

"தாயி," என்றார் மெதுவாக. "நான் ஓட்டுறேன். அஞ்சு நிமிசந்தான, பாத்துட்டு வந்து அழு."

மணி அடித்தது. பதினான்கு வருஷப் பழக்கத்தில் அவள் தரையில் கையூன்றினாள். ஊன்றிய கையைப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"வேண்டாம் மொதலாளி. பதினாலு வருசமா ரெண்டு பேரையும் வாசல்ல நிக்க வச்சுட்டேன். ஒருத்தரு நின்னு நின்னு போயே போயிட்டாரு. ஒரு தடவ தூக்கிக்கிறேன்னு கேட்டாரு மொதலாளி, பிச்ச கேக்குற மாதிரி கேட்டாரு, பாவி நான் அடுத்த வருசம் அடுத்த வருசம்னேன்." அப்போதுதான் அழுகை வந்தது, அவள் மாரில் அடித்துக்கொள்ளப் போக, சின்னத்தாய் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொள்ளி வைக்க மகன் இருக்கான்ல. அவன் வராம எடுக்காதீக."

எங்கள் பக்கத்தில் மகன் வெளியூரில் இருந்தால் வரும்வரை காத்திருப்பதுதான் முறை. துபாயிலிருந்து வருகிற மகனுக்காக இரண்டு நாள், மூன்று நாள்கூட எடுக்காமல் வைத்திருந்திருக்கிறோம். இதுவும் இரண்டு நாள்தான் என்று ஜெயசீலி சொன்னாள். ஓய்வுபெற்று விருதுநகரில் இருந்தவள், செய்தி கேட்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள்.

காத்திருந்தோம். பெட்டிக்கு மின்சாரம் நிற்காமல் இருக்க பரமன் தன் கடையிலிருந்து தனியாக வயர் இழுத்துக் கொடுத்தான். வெளியூர் உறவுகள் மாலையோடு வந்து இறங்கி, கைகொடுத்து அழுது, சற்று நேரம் உட்கார்ந்து, எப்போதும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார்கள்.

"எப்ப எடுக்கீக?"

"மகன் வரணும்ல" என்றார் பால்சாமி.

"மகனா? அவருக்கு ஏது… எங்கருந்து வாரான்?"

பால்சாமி பின்பக்கத்து ஓட்டு வீட்டைக் கைகாட்டினார். "வந்துக்கிட்டிருக்கான்."

முதல் நாள் முழுக்க அதையே சொன்னார். இரண்டாம் நாள் காலையிலும் அதையே சொன்னார். மேளக்காரர்கள் அடித்து ஓய்ந்து, டீ குடித்து, திரும்ப அடித்தார்கள். வெயில் ஏறியதும் உள்ளே வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று ஜெயசீலி எவ்வளவோ கெஞ்சியும், அவரை விட்டுட்டு வரமாட்டேன் என்று வெயிலு கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். சுகாதார நிலையத்து டாக்டரம்மாவே வண்டியோடு வந்து வாசலில் நிறுத்திக்கொண்டு உள்ளே போனார். பதினான்கு வருஷம் தள்ளிப்போட்ட வலி மொத்தமும் ஒரே நாளில் வந்தாற்போல அவள் கத்தினாள். அந்தச் சத்தம் பந்தலுக்குக் கேட்டது. பெண்கள் ஒப்பாரியை நிறுத்தினார்கள். மேளம் தானாக நின்றது. பந்தலில் இருந்த அத்தனை பேரும் பெட்டியைப் பார்க்காமல் அந்த வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பகல் ஒன்றே முக்காலுக்கு ஒரு குழந்தை அழுதது.

பொன்னையா குலுங்கிக் குலுங்கி அழுதார், பரமன் அழுதான், செத்தவரை யாரென்று தெரியாமல் கூட வந்திருந்த மேளக்காரப் பையனும் அழுதான். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. ஜெயசீலி வெள்ளைத்துண்டில் சுற்றி அவனைக் கொண்டுவந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, சிவக்கச் சிவக்க, வெளிச்சம் பிடிக்காமல் கத்திக்கொண்டிருந்தான். அவள் நேரே பெட்டியருகே போனாள். பால்சாமி கண்ணாடி மூடியைத் திறந்தார். ஜெயசீலி குனிந்து, அழகுமலையின் நெஞ்சின் மேல் அவனை ஒரு நிமிடம் வைத்து, விழாமல் பிடித்துக்கொண்டாள். குளிர் பட்டதும் அவன் இன்னும் பலமாகக் கத்தினான்.

பால்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு, மேளக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"மகன் வந்துட்டான்யா," என்றார். "எடுங்க."